சத்தத்தைக் கண்டுபிடிக்கவும் கூலி கொடுப்போம்

 

கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் வைத்திருப்பவர்கள், ஸ்கூல் வேனில் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள், கராஜ் நடத்துகிறவர்கள் மூன்று தரப்பும் பொறுமையாக வாசியுங்கள். யாரையும் குற்றம் சொல்ல எழுதவில்லை. ஆனால் சொல்லாமல் விடவும் முடியவில்லை.

நம்ம ருவான்வெல்லையில் ஒரு காருக்குப் புதுசாக ஒரு சத்தம் வந்தால் நடப்பது இதுதான். முதல் வாரம் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டுவோம். இரண்டாம் வாரம் யாராவது ஒரு மச்சான், "பழைய வண்டிதானே, அப்படித்தான் இருக்கும்" என்று ஆறுதல் சொல்வார். மூன்றாம் வாரம் கராஜுக்குப் போவோம். "பாஸ், சத்தயக் எனவா" என்போம். பாஸ் பொனட்டைத் திறந்து பத்து விநாடி கேட்பார். பின்னால் நாலு வண்டி காத்து நிற்கிறது. "இந்தச் சாமானை மாத்திப் பாப்பம்" என்பார். பஞ்சிகாவத்தைக்கு ஆள் போகும், சாமான் வரும், மாற்றுவோம். சத்தம் அப்படியே இருக்கும். "அப்ப இதுவா இருக்கும்" என்று அடுத்த சாமான். மூன்றாவது சாமானில் சத்தம் நின்றால் பாஸ் கெட்டிக்காரர். முதல் இரண்டு சாமானுக்குக் கொடுத்த காசைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பாஸ்மாரைத் திட்டுவது சுலபம். என் கருத்து வேறு. இந்தப் பழக்கத்தை உண்டாக்கியவர்கள் வாடிக்கையாளர்களாகிய நாம். சாமானுக்குக் காசு கொடுப்போம், சாமான் மாட்டின கூலிக்கும் கொடுப்போம். ஆனால் ஒரு மனிதர் அரை நாள் செலவழித்து, ஒன்றையும் மாற்றாமல், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னால் "ஒண்டுமே செய்யல்லையே, எதுக்குக் காசு?" என்று கேட்போம். கண்டுபிடிக்கிற வேலைக்குக் கூலி இல்லாத இடத்தில் யார் கண்டுபிடிப்பார்கள்? மாற்றுகிற வேலைக்குத்தான் கூலி என்றால் மாற்றத்தான் செய்வார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு வேன் விஷயம் சொல்கிறேன். நம்ம பக்கம் பிள்ளைகளை ஏற்றும் பழைய டீசல் வேன். ஓட்டுகிற நானாவின் பெயர் வேண்டாம், ஊரில் எல்லாருக்கும் தெரிந்தவர்தான். வண்டியில் "டொக் டொக்" என்று கனமான ஒரு சத்தம் வந்தது. இரண்டு கராஜ்களில் ஒரே பதில்: உள்ளே கனெக்டிங் ரொட் பெயாரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும், ரீகண்டிஷன் எஞ்சின் ஒன்று போடுவதுதான் நல்லது. நாலு இலட்சத்துக்கு மேல் கணக்குச் சொன்னார்கள். நானா மனைவியின் நகையை அடகு வைக்கிற அளவுக்குப் போய்விட்டார்.

மூன்றாவதாக அவிசாவளைப் பக்கம் வயசான ஒரு சிங்கள பாஸ் உன்னெஹேயிடம் போனார்கள். அவர் பொனட்டைத் திறக்கவே இல்லை. முதலில் கேள்வி. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போதே வருகிறதா, சூடான பிறகா? நின்றுகொண்டிருக்கும்போதும் வருகிறதா, ஓடும்போது மட்டுமா? ஏ.சி. போட்டால் மாறுகிறதா? ஏற்றத்தில் கூடுகிறதா? பிறகு பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். அடுத்து ஒயிலை இறக்கி வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்தார். உள்ளே பெயாரிங் தேய்ந்திருந்தால் ஒயிலில் மினுமினு என்று உலோகத் தூள் தெரியும். ஒன்றும் இல்லை. அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பெல்ட்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் ஸ்டார்ட் பண்ணிக் கேட்டார். பெல்ட் இல்லாதபோது சத்தத்தின் தன்மை மாறியது. எஞ்சினை நிறுத்தி, கீழே கிராங் புல்லியைக் கையால் பிடித்து ஆட்டினார். ஆடியது. நடுவில் இருக்கிற பெரிய போல்ட் தளர்ந்து, புல்லியைப் பிடித்து வைக்கும் சாவிக் காடி தேய்ந்துபோயிருந்தது. எஞ்சினுக்கு உள்ளே ஒரு கோளாறும் இல்லை. தளர்ந்த கிராங் புல்லி, பெயாரிங் போன எஞ்சினைப் போலவே சத்தம் போடும். இப்படி எத்தனை நல்ல எஞ்சின்கள் இறக்கப்பட்டனவோ.

புல்லி, சாவி, போல்ட் மூன்றும் புதுசு போட்டார்கள். அவர் கண்டுபிடித்ததற்கென்று தனியாக நாலாயிரம் ரூபா கேட்டார். நாலு இலட்சம் மிச்சமான நம்ம நானா ஒரு மாதமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது என்ன தெரியுமா? "ஒரு போல்ட் இறுக்க நாலாயிரம் எடுத்திட்டான்!"

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த வார்த்தைதான்.

ஏனென்றால் அந்தப் புல்லி கழன்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. புல்லி போனால் பெல்ட் போகும். பெல்ட் போனால் அல்டனேட்டர் நிற்கும். பல பழைய டீசல் வேன்களில் பிரேக்குக்கு உதவுகிற வெற்றிடப் பம்பு அல்டனேட்டரின் பின்பக்கத்தில்தான் பூட்டியிருக்கிறது. அது நின்றால் பிரேக் பெடல் கல் மாதிரி இறுகிவிடும். முழுப் பலத்தையும் போட்டு மிதித்தால்தான் வண்டி நிற்கும். நம்ம பக்கத்துத் தோட்டப் பாதைகளில், மழை நேரத்தில், இறக்கத்தில், பதினாலு பிள்ளைகளுடன். "பழைய வண்டிச் சத்தம்" என்று மூன்று வாரம் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்.

இன்னொன்று. பழைய வண்டி என்று சொல்கிறோமே, இப்போது எல்லா வண்டியும் பழைய வண்டிதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களை மறுபடி விட்டது 2025 பெப்ரவரியில். கிட்டத்தட்ட ஐந்து வருடம். இடையில் 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனது, அதோடு ஒவ்வொரு உதிரிப்பாகத்தின் விலையும் ஏறியது. பெற்றோல் இல்லாமல் மாதக் கணக்கில் வீட்டு வாசலில் நின்ற கார்கள் எத்தனை. இறக்குமதி திறந்தாலும் வரியோடு வருகிற விலைக்கு ஆசிரியர் சம்பளத்தில் கார் வாங்க முடியுமா? ஆகவே இருக்கிற அல்டோவையும் வெகன் ஆரையும் விட்ஸையும் தான் இன்னும் பத்து வருடம் ஓட்டப்போகிறோம். வருடா வருடம் லைசன்ஸ் எடுக்க நம்ம கார்களுக்கு 2008இலிருந்து புகைப் பரிசோதனை இருக்கிறது. அது புகையைத்தான் பார்க்கும். சத்தத்தைக் கேட்க அங்கே ஆள் இல்லை. அந்த வேலை நம்முடையது.

ஸ்கேன் மெஷின் இருக்கிறதே என்பீர்கள். நல்ல சாமான்தான், ஆனால் அது சென்சர்கள் சொல்வதைத்தான் வாசிக்கும். தளர்ந்த புல்லிக்கும், உடைந்த எஞ்சின் மவுண்டுக்கும், அதிர்கிற தகரத்துக்கும் சென்சர் கிடையாது. "ஸ்கேன் பண்ணினேன், ஒண்டும் இல்ல" என்றால் வண்டியில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம் ஆகாது.

பயிற்சிக் கலாசாலையில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்த விஷயங்களில் ஒன்று, குறையறி சோதனை செய்யாமல் பரிகாரக் கற்பித்தலுக்குப் போகாதே என்பது. பிள்ளை கழித்தல் கணக்கைப் பிழையாகச் செய்கிறது. கடன் வாங்கத் தெரியாமல் பிழைக்கிறதா, பூச்சியம் வந்த இடத்தில் பிழைக்கிறதா, பலகையில் எழுதினதைத் தூரத்திலிருந்து பார்க்க முடியாமல் பிழைக்கிறதா? அது தெரியாமல் இன்னும் நூறு கணக்குக் கொடுத்தால் பிள்ளை நூறு தடவை பிழை விடும். சாமான் மாற்றிப் பார்க்கிற வைத்தியமும் அதுதான். வாத்தியார் புத்தி என்று சிரிக்கலாம், பரவாயில்லை.

சரி, நாம் செய்யக்கூடியது என்ன? நாம் மெக்கானிக் ஆக வேண்டாம். ஆனால் கராஜுக்குப் போகுமுன் "சத்தம் வருது" என்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லத் தெரிய வேண்டும்.

முதல் கேள்வி: சத்தம் எஞ்சினைப் பின்பற்றுகிறதா, சக்கரத்தைப் பின்பற்றுகிறதா? வண்டியை நிறுத்தி நியூட்ரலில் எக்ஸலேட்டரைக் கொடுங்கள். அப்போதும் சத்தம் வந்து, மிதிக்க மிதிக்கக் கூடினால் எஞ்சின் பக்கம். நின்ற இடத்தில் வராமல் ஓடும்போது மட்டும் "ம்ம்ம்" என்று வேகத்தோடு கூடினால் பெரும்பாலும் சக்கரப் பெயாரிங் அல்லது டயர். வளைவில் திருப்பும்போது மட்டும் "டக் டக்" என்றால் முன் சக்கரத்துக்குப் போகிற அச்சின் மூட்டு. இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே பாதித் தேடல் முடிந்தது. எஞ்சின் சத்தம் என்று எஞ்சினைக் கிளறி, கடைசியில் சக்கரத்தில் இருந்த கதைகள் எனக்கே நாலைந்து தெரியும்.

அடுத்தது நேரம். மழைக் காலத்தில் விடியக் காலை ஸ்டார்ட் பண்ணினதும் "கீச்" என்று கத்தி, கொஞ்ச நேரத்தில் அடங்கினால் பெல்ட். எஞ்சின் ஓடும்போது பாஸ் அதில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார். சத்தம் சட்டென்று அடங்கினால் புல்லி நேர்கோட்டில் இல்லை என்று சந்தேகிக்கலாம். இன்னும் கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. (இதை வீட்டில் செய்ய வேண்டாம். ஓடுகிற பெல்டுக்குப் பக்கத்தில் ஷோல், முந்தானை, அபாயாக் கை, தொங்கும் எதுவும் போகக்கூடாது. மூடின கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சத்தம் தேடவும் கூடாது, அந்தப் புகை ஆளைக் கொல்லும்.)

குளிரில் "டிக் டிக்" என்று வந்து சூடானதும் மறைந்தால் எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகிற குழாயின் பூட்டில் கசிவு இருக்கலாம். உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துவிடும். ஸ்டார்ட் பண்ணின முதல் இரண்டு விநாடி மட்டும் சங்கிலி குலுக்கினதுபோல் இருந்தால் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கிற பாகத்துக்கு ஒயில் அழுத்தம் வரப் பிந்துகிறது. அப்போது முதலில் ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். ஒயில் மாற்றுகிற தவணையை இரண்டு மடங்காக நீட்டியவர்கள் இந்த ஊரில் 2022க்குப் பிறகு நிறையப் பேர். காரணம் விளங்குகிறது, எஞ்சினுக்கு விளங்காது.

ஏற்றத்தில், கியரை மாற்றாமல் மிதித்துக்கொண்டு ஏறும்போது மட்டும் தகர டின்னில் சிறு கல் குலுக்கினதுபோல் வந்தால் அது பெற்றோல் நேரத்துக்கு முந்தி வெடிக்கிற சத்தமாக இருக்கலாம். கினிகத்தேனைப் பக்கம் ஏறுகிறவர்களுக்குப் பழக்கமான சத்தம். எஞ்சினுக்கு 95 வேண்டியிருக்க 92 அடித்திருக்கலாம், அல்லது உள்ளே கரி படிந்திருக்கலாம். கியரைக் குறைத்தால் அடங்குகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பழகின பாஸ்மார் இன்னொன்றையும் கேட்பார்கள். எஞ்சினில் கிராங் இரண்டு சுற்றுச் சுற்றும்போது வால்வுகளைத் திறக்கிற கேம் ஒரு சுற்றுத்தான் சுற்றும். நிமிடத்துக்கு 800 சுற்றில் எஞ்சின் சும்மா ஓடும்போது, வால்வுப் பக்கத்துக் கோளாறு நிமிடத்துக்கு 400 தடவை தட்டும், கீழே கிராங் பக்கத்துக் கோளாறு பொதுவாக 800 தடவை தட்டும். எண்ண முடியாது. ஆனால் காது பழகினால் மெதுவான தட்டு, வேகமான தட்டு என்று பிரியும். மேலேயா கீழேயா என்பதற்கு நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியில் காதை வைப்பார்கள். 1816இல் பாரிஸில் லெனெக் என்ற டாக்டர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார், அதிலிருந்து ஸ்டெதஸ்கோப் வந்தது. பாஸின் ஸ்குரூ டிரைவரும் அந்தக் குடும்பம்தான். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்டதற்கு நாம் பேசாமல் பீஸ் கொடுக்கிறோம், மருந்து தனிக் கணக்கு. இங்கே மட்டும் பேரம்.

நம்ம ஊருக்கே உரிய சத்தங்களும் உண்டு. பொனட்டுக்குள் எலி கூடு கட்டி, எங்கிருந்தோ இழுத்து வந்த ரப்பர் கொட்டை விசிறிக்குள் உருண்டு "கடகட" என்று எஞ்சின் போனதுபோல் பயம் காட்டும். சைலன்சர் குழாய்க்கு மேல் சூட்டை மறைக்கிற தகரம் துருப்பிடித்து, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிரும். ஒரு கிளிப்பும் கொஞ்சக் கம்பியும் போதும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் இது: கனமான "டொக் டொக்" சத்தத்தோடு ஒயில் விளக்கும் எரிந்தால் ஒரு மீற்றரும் ஓட்ட வேண்டாம். அங்கேயே நிறுத்தி, இழுத்துக்கொண்டு போங்கள்.

சத்தத்தைக் கேளாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய இடத்து உதாரணம் ஒன்று. ஹுண்டாய் கம்பனி அமெரிக்காவில் செய்த 2011, 2012 சொனாட்டா கார்களின் எஞ்சின்களில், கிராங்கைக் கடையும்போது உண்டான உலோகத் துகள்கள் சரியாக நீக்கப்படாமல் ஒயில் போகும் வழியில் தங்கிவிட்டன. பெயாரிங் தேய்ந்தது. முதல் அடையாளம் தட்டுகிற சத்தம். கேளாமல் ஓட்டினால் நெடுஞ்சாலையில் எஞ்சின் நின்றுபோகும். 2015 செப்டெம்பரில் ஏறத்தாழ 470,000 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 2017இல் ஹுண்டாயும் கியாவும் இன்னும் பத்து இலட்சத்துக்கு மேல் அழைத்தன. கம்பனிக்குள்ளேயே வேலை செய்த கிம் குவாங் ஹோ என்ற பொறியியலாளர் 2016இல் அமெரிக்க அதிகாரிகளிடம் போய், செய்ய வேண்டியது முழுதாகச் செய்யப்படவில்லை என்று சொன்னார். வேலை போனது. 2021 நவம்பரில் அமெரிக்க அரசு அவருக்கு 24 மில்லியன் டொலருக்கு மேல் வெகுமதி கொடுத்தது. கம்பனி பிறகு அந்தக் கார்களுக்கு ஒரு மென்பொருள் போட்டது. எஞ்சினில் இருக்கிற அதிர்வு சென்சரைக் கொண்டு, பெயாரிங் தேய்கிற அதிர்வை முன்கூட்டியே கேட்டு டிரைவரை எச்சரிப்பது அதன் வேலை. நம்ம பழைய வேனில் அந்தக் காது இல்லை. டிரைவர் நானாவின் காதும், அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளின் காதும்தான் இருக்கின்றன. பிள்ளைகளிடம் கேளுங்கள், வேனில் புதுச் சத்தம் ஏதும் வருகிறதா என்று. பெரியவர்களைவிட அவர்களுக்குத்தான் முதலில் கேட்கும்.

கராஜ்காரர்களுக்கும் ஒரு வார்த்தை, மரியாதையோடு. பெண்கள் சொல்வதையும் கேளுங்கள். பாடசாலைக்கு தினமும் காரை ஓட்டுகிறது நான். இரண்டாம் கியரில், ஏ.சி. போட்டால் மட்டும் சத்தம் வருகிறது என்று கண்டது நான். கராஜில் கேள்வி மட்டும் கூட வந்த என் கணவரிடம். அவர் பாவம், என்னைத் திரும்பிப் பார்க்கிறார். ஓட்டுகிறவரின் காதில் இருக்கிற தகவல் ஓட்டாதவரிடம் கிடைக்காது. அதை விட்டால் நஷ்டம் உங்கள் நேரத்துக்கும்தான்.

இனி என் யோசனை. நம்ம ஊர்க் கராஜ்கள் "சத்தம் பரிசோதிக்கக் கட்டணம் இவ்வளவு" என்று ஒரு போர்ட் வைக்கட்டும். சாமான் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அந்தக் காசு அவர்களுக்கு. பதிலுக்கு, என்ன பார்த்தார்கள், என்ன கண்டார்கள் என்று ஒரு துண்டில் எழுதித் தரட்டும். மாற்றின பழைய சாமானையும் திருப்பித் தரட்டும். நாம் பேரம் பேசாமல் கொடுப்போம். கட்டணம் ஐயாயிரம் என்றாலும், பிழையாக மாற்றின ஒரு சாமானின் விலையை விடக் குறைவுதான்.

வேலை தெரிந்த பையன்களுக்கும் இது நல்லது. 1959இலிருந்து இருக்கிற மொரட்டுவை ஜேர்மன் டெக்கிலும் மற்ற இடங்களிலும் படித்து, என்.வி.கியூ. சான்றிதழோடு வருகிற நம்ம பிள்ளைகள் ஏன் ஊரில் தங்காமல் கட்டாருக்கும் சவூதிக்கும் போகிறார்கள்? சம்பளம் ஒரு காரணம். இன்னொன்று, அவர்கள் படித்து வந்த கண்டுபிடிக்கிற வேலைக்கு இங்கே விலை இல்லை. 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. அதை எடுக்கிற பிள்ளையைப் பார்த்து "மற்றது கிடைக்கல்லையா?" என்று கேட்கிற ஊர் இது. அந்தக் கேள்வியையும் நிறுத்த வேண்டும்.

கராஜுக்குப் போகுமுன் போனில் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒன்று, சூடான பிறகு ஒன்று. ஒவ்வொன்றும் அரை நிமிடம் போதும். பாஸ் முன்னால் போய் நின்றதும் சத்தம் மறைந்துவிடுகிற வியாதி எல்லா வண்டிக்கும் இருக்கிறது. திகதியையும், எத்தனையாவது கிலோமீற்றரில் கேட்டது என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள். அடுத்த விடுமுறை சனிக்கிழமை ஒன்றில், வேன் ஓட்டுகிற நானாமாரையும் கார் ஓட்டுகிற ஆசிரியைகளையும் கூப்பிட்டு, ஒரு பாஸைக் கொண்டு இரண்டு மணி நேரம் இதைக் காட்டித் தரச் செய்யலாம் என்று நினைக்கிறேன். பாஸுக்குக் கூலி உண்டு, அதற்கு ஆளுக்கு இருநூறு ரூபா எடுப்போம். வர விருப்பமானவர்கள் பெயரையும் என்ன வண்டி என்பதையும் எனக்கு அனுப்புங்கள். சத்தம் போடுகிற வண்டி இருந்தால் அதையே கொண்டு வாருங்கள், இன்ஷா அல்லாஹ் அதை வைத்தே தொடங்குவோம்.